தேர்தலும் தெரிதலும்: கட்சிக் கொள்கைகளை ஒப்புநோக்கும் முறையின் வரலாறு

'தேர்தல்' என்னும் சொல் இக்காலத்தில் மக்கள் வாக்களிக்கும் நிகழ்ச்சியையே குறித்து நிற்கின்றது. நாளிதழைப் பிரிப்பார் எவரும் அதற்கு வேறொரு பொருள் உண்டென எண்ணுவதில்லை. ஆயின், பழைய நூல்களில் தேர்தலாவது ஆராய்தல். ஆராய்ந்து தெளிதலும் தெளிந்தபின் கொள்ளுதலும் அதன் வழிப்பட்ட பொருள்கள். 'தெரிதல்' என்பதும் அத்தகையதே. திருவள்ளுவர் 51ஆம் அதிகாரத்திற்குத் 'தெரிந்து தெளிதல்' என்றும், 52ஆம் அதிகாரத்திற்குத் 'தெரிந்து வினையாடல்' என்றும் பெயரிட்டமை அறிஞர் அறிந்ததே. ஆண்டுத் தெரிபவன் அரசன். தெரியப்படுபவன் அவன்கீழ் வினைசெய்வான். இன்றோ தெரிபவர் குடிமக்கள், தெரியப்படுவோர் ஆளவிருப்போர். இடங்கள் மாறின, சொல் மாறவில்லை. சொல்லின் முதற்பொருளாகிய ஆராய்ச்சி மட்டும் யாங்கோ கழன்று போயிற்று.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க சொற்கள் மேலும் இரண்டு உள. ஒன்று 'கொள்கை'. சங்கப் பாடல்களில் இது பெரும்பாலும் தனி மாந்தர் மேற்கொண்டொழுகும் நெறியையே குறிக்கும். பிசிராந்தையார் தம்மூர்ச் சான்றோர்க்கு இதனை அடையாக்கி உரைத்தமை புறநானூற்று 191ஆம் பாட்டிற் காணலாம். மற்றொன்று 'கட்சி'. கபிலர் பாடிய புறநானூற்று 202ஆம் பாட்டில் இச்சொல், வேட்டுவரால் அலைப்புண்ட கடமா தேடும் புகலிடத்தைக் குறிக்கின்றது. அரசியலிலும் சிலர் அப்பழம் பொருளிலேயே கட்சியை நாடுகின்றனர் என்று நகையாடுவார் நகையாடுக. ஈண்டு நாம் கருதுவது, கட்சி, கொள்கை, தேர்தல் என்னும் மூன்று சொற்களும் நம்முடையனவாயினும், கட்சியின் கொள்கையைத் தேர்தல் என்னும் செயல் நமக்கும் பிறர்க்கும் மிகப் பிற்காலத்தது என்பதே. அச்செயல் எவ்வாறு தோன்றிற்று, எவ்வெக் கருவிகளால் மக்கள் அதனைச் செய்ய முயன்றனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இவ்வாராய்ச்சியை உத்தரமேரூரிலிருந்து தொடங்குவது வழக்கம். அவ்வழக்கத்தை யானும் பின்பற்றுவேன். ஆனால் வேறொரு காரணம் பற்றி. முதற் பராந்தக சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளிற் பொறிக்கப்பட்ட, அஃதாவது கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய, அவ்வூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பகுக்கப்பட்டது. குடும்புதோறும் தகுதியுடையார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு ஓர் ஓலையை எடுப்பித்தனர். இறையிறுக்கும் நிலம் கால்வேலிக்கு மேல் உடைமை, தன் மனையிலே வீடு கட்டியிருத்தல், 35க்கு மேல் 70க்கு உட்பட்ட அகவை, மறைக்கல்வி ஆகியன தகுதிகள். வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதிருந்தவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். இத்தகைய வழக்கம் சோழர்க்கும் மிக முற்பட்டது என்பதற்கு அகநானூற்று 77ஆம் பாட்டு சான்றாகின்றது. களத்தில் வீழ்ந்த மறவரின் குடரைப் பருந்து கவர்வதற்குக் குடத்தின் பொறி நீக்கி ஓலை எடுப்பாரை மருதன் இளநாகனார் உவமையாக்கினார். கேட்போர் நன்கறிந்த ஒன்றையன்றோ புலவர் உவமையாக்குவர்!

இதனை இன்றைய மக்களாட்சித் தேர்தலின் மூலவடிவம் எனப் போற்றுவார் பலர். அவர்தம் பெருமிதத்தில் எமக்கும் பங்குண்டு. ஆயினும் உண்மை கூறல் வேண்டும். அவ்வூர் பிரமதேயம்; சபை அந்தணர் சபை; பிறர்க்கு அதில் இடமில்லை. தகுதியாளருள் ஒருவரைக் கொண்டது மக்களின் விருப்பமன்று. குடத்துள் நுழைந்த சிறுவன் கை. யாவற்றினும் நம் பொருளுக்கு வேண்டுவது ஒன்றுண்டு. அங்கே ஆராயப்பட்டது ஆள், கொள்கையன்று. ஏரி வாரியத்தார் அறுவரும் ஏரியைக் காத்தல் வேண்டும் என்பதில் இருகருத்தில்லை. 'ஏரியைத் தூர்வாருதல் முதலா, தோட்டத்தைப் பேணுதல் முதலா' என்று இரு அணியினர் ஊரார்முன் நின்று வழக்குரைத்திருப்பின், குடமும் ஓலையும் அவ்வழக்கைத் தீர்க்க உதவியிரா. ஒழுக்கமுடையார் யாவரும் ஒன்றையே செய்வர் என்னும் நம்பிக்கையே குடவோலையின் அடித்தளம். அந்நம்பிக்கை உடையுமிடத்தே கொள்கை ஒப்புநோக்கு பிறக்கின்றது.

மேனாட்டிலும் அவ்வாறே. 1774ஆம் ஆண்டு எட்மண்டு பர்க்கு என்பார் பிரிஸ்டல் நகர வாக்காளர்முன் பேசியபோது, உறுப்பினர் தம் தொகுதியாரின் கட்டளைக்குக் கட்டுப்பட்டவரல்லர், தம் அறிவின் தீர்ப்பையே அவர்க்குக் கடன்பட்டவர் என்னுங் கருத்தை வலியுறுத்தினார். ஆளைத் தேர்க, கொள்கையை அவனிடம் விடுக என்பது இதன் உட்கிடை. அறுபது ஆண்டு கழித்து, 1834 டிசம்பரில், சர் இராபர்ட்டு பீல் தம் டாம்வொர்த்துத் தொகுதி வாக்காளர்க்கு ஓர் அறிக்கை விடுத்தார். முகவரி அவ்வூரார்க்கு, ஆயினும் செய்தித்தாள்களில் வெளிவந்து நாடெங்கும் படிக்கப்பட்டது. 1832ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டத்தை இனித் திரும்பவும் கிளறுவதில்லை என்றும், உண்மையான குறைகளைத் திருத்துவது தம் நோக்கமென்றும் அவர் அதில் உரைத்தார். தேர்தல் அறிக்கை என்னும் இலக்கிய வகைக்கு இதனையே தலைமகவாகக் கொள்வர். 'இலக்கிய வகை' என யாம் கூறுவது விளையாட்டன்று. அது பின்னர் விளங்கும்.

சென்னை மாகாணத்தில் கொள்கை அறிக்கை தேர்தலுக்கு முன்னரே தோன்றிவிட்டது. 1916ஆம் ஆண்டு நவம்பரில் தென்னிந்திய நல உரிமைச் சங்கம் அமைக்கப்பட்டது. அடுத்த திங்களில் சர் பிட்டி தியாகராய செட்டியார் பெயரால் பார்ப்பனரல்லாதார் அறிக்கை வெளியாயிற்று. அரசுப் பணிகளிலும் கல்வியிலும் எவ்வெவ்வகுப்பார் எத்துணையர் என்பதை எண்களாற் காட்டி வழக்காடிய அறிக்கை அது. 1920ஆம் ஆண்டு இரட்டையாட்சி முறைப்படி முதற்றேர்தல் நடந்தபோது காங்கிரசு விலகி நின்றது. நீதிக்கட்சி வென்று, சுப்பராயலு ரெட்டியார் முதலமைச்சரானார். அக்காலத்தில் வாக்குரிமை வரி செலுத்துவோரும் உடைமையாளருமாகிய மிகச் சிலர்க்கே இருந்தது. பெண்டிர்க்கு அவ்வுரிமை 1921ஆம் ஆண்டுச் சட்டமன்றத் தீர்மானத்தாலேயே கிடைத்தது. ஒரு பெருங்கட்சி களத்திலேயே இல்லாதபோது ஒப்புநோக்க என்ன உண்டு?

1937ஆம் ஆண்டுத் தேர்தலே இரு பெருங்கட்சிகள் இம்மாகாணத்தில் நேர்நின்ற தேர்தல். காங்கிரசின் அறிக்கை 1936 ஆகஸ்டில் பம்பாயில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. சட்டமன்றத்தின் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரசு பெற்றது. ஆயினும் ஊர்ப்புறத்து வாக்காளர் அறிந்தது அறிக்கையையன்று, மஞ்சட் பெட்டியை. பெட்டியின் நிறமே கட்சிக்கு அடையாளமாயிற்று. மஞ்சள் மங்கலப் பொருள். மகளிர் நாளும் பூசுவது. கொள்கை விளக்கம் எத்துணைப் பக்கம் நீண்டாலும் அந்நிறத்தின் ஆற்றலுக்கு ஈடாதல் அரிது.

வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்குரிமை வந்தபின் இச்சிக்கல் பெரிதாயிற்று. 1951-52ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலைத் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் நடத்தினார். பதினேழு கோடிக்கு மேற்பட்ட வாக்காளருள் மிகப் பெரும்பாலார் எழுத்தறியாதவர். ஆதலின் ஒவ்வொரு வேட்பாளர்க்கும் தனிப்பெட்டி வைத்து, அதன்மேல் அவர்தம் சின்னத்தை ஒட்டினர். காங்கிரசிற்கு நுகத்தடி பூட்டிய இரட்டைக் காளை; பொதுவுடைமைக் கட்சிக்குக் கதிரும் அரிவாளும். உலகம் வியந்த ஏற்பாடு அது, குறை கூறுதற்கில்லை. ஆனால் சின்னம் செய்வது யாது? இன்னார் இவர் என அடையாளங் காட்டுவது மட்டுமே. காளை உழவர்க்குரியது, கதிரும் உழவர்க்குரியது. நிலவுடைமை பற்றி இவ்விரு கட்சிகளும் கொண்ட கருத்து வேறுபாட்டைச் சின்னங்களைக் கொண்டு அறிய முடியுமோ?

அவ்வேறுபாட்டை எடுத்துரைக்கும் பணியை இங்கு மேடை ஏற்றுக்கொண்டது. மேடைப் பேச்சு, படிப்பகம், கட்சி இதழ், நாடகம், திரைப்படம் ஆகியன எழுத்தறியாதார்க்கும் கொள்கையைக் கொண்டு சேர்த்தன. 1956ஆம் ஆண்டுத் திருச்சி மாநாட்டில் தேர்தலில் ஈடுபட முடிவுசெய்த திராவிட முன்னேற்றக் கழகம் 1957இல் 15 இடங்களையும், 1962இல் 50 இடங்களையும், 1967இல் 137 இடங்களையும் பெற்ற வரலாற்றில் மேடைத் தமிழுக்குள்ள பங்கு தனியே ஆராயத்தக்கது. நம் பொருட்கு வேண்டுவது 1967ஆம் ஆண்டின் ஒரு வாக்குறுதி. ரூபாய்க்கு மூன்று படி அரிசி இலட்சியம்; ஒரு படி உறுதி என மேடைதோறும் கூறப்பட்டது. ஆட்சிக்கு வந்தபின் ரூபாய்க்கு ஒரு படி என்னுந் திட்டம் சென்னையிலும் கோவையிலும் தொடங்கப்பட்டது. மூன்று படி எட்டப்படவில்லை. ஒரு படியும் நாடு முழுவதற்கும் பரவவில்லை. இதனை எதிர்க்கட்சியார் நெடுங்காலம் சுட்டிக்காட்டினர்.

அவர்கள் சுட்டிக்காட்ட முடிந்தது எதனால்? வாக்குறுதி தெளிவாக இருந்ததனால். பொருள் இது, அளவு இது, விலை இது என வரையறுத்துக் கூறியமையின், நிறைவேறிய பங்கையும் நிறைவேறாத பங்கையும் எளிய மகளிரும் படியைக் கொண்டே அளந்தனர். 'உணவுத் தட்டுப்பாட்டைப் போக்க ஆவன செய்யப்படும்' என்று மட்டும் கூறியிருப்பின், அதனைப் பொய்த்தது என்று எவர் நிறுவ முடியும்? தெளிவாகச் சொல்லும் கட்சி பழிக்கு ஆளாகின்றது. மழுப்பிச் சொல்லும் கட்சி தப்புகின்றது. கொள்கைகளை ஒப்புநோக்குவார்க்கு இதனினும் பெரிய இடர் இல்லை.

பிற்கால அறிக்கைகளில் தெளிவு ஒரு வகையில் மீண்டும் வந்தது. ஆனால் பொருள்களைப் பொறுத்த அளவில் மட்டும். 2006ஆம் ஆண்டு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, இரண்டு ரூபாய்க்கு ஒரு கிலோ அரிசி. 2011ஆம் ஆண்டு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி, மாணவர்க்கு மடிக்கணினி. இவை பற்றித் தமிழ்நாட்டிலிருந்து எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலை 5ஆம் நாள் தீர்ப்பளித்தது. அறிக்கையில் இத்தகைய உறுதி தருதல் 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவு கூறும் முறைகேடு ஆகாது என்றும், ஆயினும் அறிக்கைகட்கு நெறிமுறை வகுத்தல் வேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. அதன்படி 2014ஆம் ஆண்டு தேர்தல் ஆணையம் தன் நடத்தை விதிகளில் அறிக்கை பற்றிய புதிய பகுதியைச் சேர்த்தது. வாக்குறுதியின் காரணமும், அதற்குரிய பணத்தை ஈட்டும் வழியும் பொதுப்படவேனும் காட்டப்படல் வேண்டும் என்பது அதன் சாரம். 2022 அக்டோபரில், செலவு விவரங்களை ஒரே படிவத்தில் தருமாறு செய்யலாமா என ஆணையம் கட்சிகளின் கருத்தையும் கேட்டது. ஒரே படிவம் என்பது நுணுகி நோக்கத்தக்கது. ஒப்புநோக்குக்கு முதல் வேண்டுவது பொது அளவுகோல் அன்றோ?

அத்தகைய அளவுகோல் ஒன்றை முன்னரே செய்து பார்த்தவர் நெதர்லாந்தினர். 1989ஆம் ஆண்டு அங்குப் பள்ளி மாணவர்க்கென ஒரு சிறு நூல் வெளியாயிற்று; கணினித் தட்டு ஒன்றும் உடனிருந்தது. கட்சி அறிக்கைகளிலிருந்து எடுத்த 60 கூற்றுகளை மாணவர் படித்து, உடன்படுவன இவை, மறுப்பன இவை எனக் குறித்தால், எக்கட்சி அவர்தம் கருத்திற்கு அணித்தாக உள்ளது என அக்கருவி காட்டும். அதன் பெயர் 'ஸ்டெம்வைசர்'. அம்மொழியில் 'ஸ்டெம்' என்பது குரலையும் குறிக்கும், வாக்கையும் குறிக்கும். 'வைசர்' என்பது சுட்டுவது. தமிழில் 'வாக்கு' சொல்லையும் தேர்தல் உரிமையையும் குறிப்பதனோடு இஃது ஒத்திருத்தல் இன்பந் தருவது. 1998 முதல் இணையவழியே பரவிய இம்முறையைச் செருமானியர் 2002இல் மேற்கொண்டு 'வால்-ஓ-மாட்' எனப் பெயரிட்டனர். அதனை நடத்துவது அந்நாட்டரசின் குடிமைக் கல்வி நிறுவனம். கூற்றுகள் 38. அவற்றை முதலில் வரைவோர் இளம் வாக்காளர், அறிஞர்கள் உடனிருப்பர். கட்சிகள் தாமே விடை தந்து காரணமும் எழுதுகின்றன. வாக்காளர் தமக்கு இன்றியமையாதனவாகத் தோன்றும் கூற்றுகட்கு இருமடங்கு எடை கொடுக்கலாம். 2021ஆம் ஆண்டுத் தேர்தலில் இக்கருவி இரண்டு கோடிக்கு மேற்பட்ட முறை பயன்படுத்தப்பட்டது.

இதன் குறைகளையும் மறைத்தல் ஆகாது. 2019ஆம் ஆண்டு, ஒரே காலத்தில் எட்டுக் கட்சிகளோடு மட்டுமே ஒப்பிட முடிகின்றது, இதனாற் சிறு கட்சிகள் மறைக்கப்படுகின்றன என 'வோல்ட்' என்னுஞ் சிறு கட்சி வழக்கிட்டது. கோல்ன் நகர நீதிமன்றம் கருவியைச் சில நாள் நிறுத்தியது; பின்னர் இருதிறத்தாரும் உடன்பாடு கண்டனர். இதனினும் ஆழமான குறை ஒன்றுண்டு. கட்சிகளை வேறுபடுத்தும் கூற்றுகளே தெரிந்தெடுக்கப்படும். எல்லாக் கட்சிகளும் ஒருமுகமாக ஏற்றதோ, ஒருமுகமாக வாய்மூடியதோ உள்ளே வாராது. ஒரு நாட்டில் எல்லாக் கட்சியும் ஒருங்கே புறக்கணிக்கும் குறை உளதாயின் இக்கருவி அதனைக் காட்டமாட்டாது. அன்றியும், உத்தரமேரூரார் கேட்ட கேள்வி, 'முன்னர்க் கணக்குக் காட்டினானா?' என்பது, இங்குக் கேட்கப்படுவதில்லை.

அக்கேள்வியை இந்தியாவில் நீதிமன்றம் மீட்டளித்தது. 2002, 2003ஆம் ஆண்டுத் தீர்ப்புகளின்படி வேட்பாளர் ஒவ்வொருவரும் தம்மீதுள்ள குற்ற வழக்கு, சொத்து, கடன், கல்வி ஆகியவற்றை உறுதிமொழிப் பத்திரத்திற் காட்டுகின்றனர். நன்று. ஆனால் 1985ஆம் ஆண்டின் 52ஆம் திருத்தம் கட்சித்தாவலைத் தடுத்ததனோடு, கட்சியின் கட்டளைக்கு மாறாக அவையில் வாக்களிக்கும் உறுப்பினர் பதவியிழக்கவும் வழிசெய்தது. பர்க்கு கூறிய தன்னறிவின் தீர்ப்புக்கு இனி அங்கு இடம் குறைவு. நல்லார் ஒருவரைத் தேர்ந்தனுப்பினும் அவர் கை உயர்வது கட்சிக் கொள்கையின்படியே. ஆகவே ஆளைப் பற்றிய செய்திகளைத் திரட்டித் தந்துவிட்டு, கொள்கையைச் சிதறிய அறிக்கைகளுள் விட்டுவைத்தல் பாதி வேலையே. கூட்டணிக் கட்சிகள் தனித்தனி அறிக்கை விடுக்கும் நம் நாட்டில் இது மேலும் சிக்கலாகின்றது. ஒரே அணியுள் இருவர் ஒரு பொருள் பற்றி இருவேறு உரைப்பின், வாக்காளர் பெறுவது எவர் கொள்கையை?

இவ்விடத்துத் தமிழ் கற்றார்க்கு ஒரு பணி உண்டு. அறிக்கையை யாம் இலக்கிய வகை என்றது இது கருதியே. தொல்காப்பியர் சொல்லதிகாரத்து வேற்றுமை மயங்கியலில் தொழிலுக்கு முதனிலைகள் எட்டு என்றார்: வினை, அதனைச் செய்வான், செய்யப்படும் பொருள், இடம், காலம், கருவி, கொள்வான், விளையும் பயன். பவணந்தியார் இறுதி இரண்டையும் விடுத்து ஆறென்றார். தேர்தல் அறிக்கையின் தொடர்களை இவ்வெட்டையுங் கொண்டு அளந்தால் யாது நிகழும் என எண்ணி, சில ஆண்டுகட்கு முன் முதுகலை வகுப்பில் மூன்று கட்சிகளின் அறிக்கைகளைப் பெயர் நீக்கிக் கொடுத்தேன். கட்சியை அடையாளங் காண்பதிலேயே மாணவர் இடர்ப்பட்டனர். நடை அவ்வளவு ஒன்றாயிருந்தது. அளக்கத் தொடங்கியபோது வேறுபாடு புலனாயிற்று. ஓர் அறிக்கையில் கொள்வார் எங்கும் தெளிவு. கருவி எங்கும் இல்லை. மற்றொன்றில் காலம் இல்லை. 'படிப்படியாக' என்பதே காலம். மூன்றாவதில் 'வலியுறுத்துவோம்' என்னும் முற்று அடிக்கடி வந்தது. தன்மைப் பன்மை, வினைமுதல் தெளிவு, ஆயினும் செய்யப்போகும் தொழில் வலியுறுத்தல் மட்டுமே. அரசமைப்பின் ஏழாம் அட்டவணையில் ஒன்றியப் பட்டியலைச் சேர்ந்த பொருள்கள் பெரும்பாலும் இம்முற்றுக்குள் அடங்கியிருந்தன. அது குற்றமன்று, மாநில அரசால் இயல்வது அவ்வளவே. ஆனால் பள்ளி கட்டுதல் போன்று மாநிலமே செய்யத்தக்க ஒன்றுக்கும் அம்முற்று வந்தவிடத்து மாணவர் சிவப்பு மையாற் கோடிட்டனர்.

பின்னர், மூன்று அறிக்கைகளையும் ஒரே அட்டவணையிற் கொணர விரும்பினர். கல்வி, நீர்ப்பாசனம், மருத்துவம், கூலி என இடப்பக்கம் பொருள். மேலே எட்டு முதனிலை. நூறு தொடர்கள் வரை விரைந்து சென்ற வேலை 'ஆவன செய்யப்படும்' என்னுந் தொடரிடத்து நின்றது. 'ஆவன' வினையாலணையும் பெயர். செயப்பாட்டுவினையில் வினைமுதல் தொக்கது. இதனை வாக்குறுதியெனக் கொள்வதா, கொள்ளாது விடுவதா என்று மூன்று நாள் வாதிட்டனர். செய்வான் தொக்கு நின்றாலும் இடத்தால் உணரப்படும் என்றார் ஒரு சாரார். செய்பொருளே இன்னதென்று புலப்படாதபோது செய்வானை உணர்ந்து ஆவதென்ன என்றார் மற்றொரு சாரார். உரையாசிரியர்கள் இருவரை இரு திறத்தாரும் துணைக்கழைத்தனர். முடிவில் அத்தொடர்கட்குரிய கட்டங்களை வெறுமனே விடுவது என உடன்பட்டனர். அவ்வட்டவணை இன்றும் துறை அலமாரியில் இருக்கின்றது. ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கட்டங்கள் வெறுமையாகவே உள.